வீட்டைச் சுமந்த வண்டிகள்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பயணமும் கவிதையும்' என்னும் பொருள் பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். மிகப் பரந்த பொருள் இது. ஆற்றுப்படை தொடங்கி இன்றைய புதுக்கவிதை வரை பட்டியலிட்டுக் கூறினால் நேரம் போதாது. பட்டியலால் பயனும் இல்லை. ஆகவே அப்பொருளின் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீட்டை விட்டுச் செல்வதே பயணம் என்பது பொது வழக்கு. வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்றவர்களும் உலகில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் அனைவர்க்கும் ஒரு தொல்லை பொதுவாக இருந்தது. சுமை மிகுதி, இழுப்பதன் வலு குறைவு. மேட்டுக்கு முன்னால் வண்டி நின்றுவிடும். நின்ற வண்டியின் அருகே கவிஞன் என்ன செய்தான் என்பதே இன்று நான் கேட்க விரும்பும் வினா.

உமணரின் ஒழுகை

நம் ஊருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் மரக்காணத்தின் உப்பளங்களைக் கண்டிருப்பர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் கொண்டு சென்று விற்றவர்கள் உமணர். அவர்களுடைய வண்டித் தொடர்க்கு ஒழுகை என்று பெயர். உமணர் தனியே சென்றவர்கள் அல்லர். மனைவி, மக்கள், கோழி, உரல், பானை என அனைத்தும் வண்டியில் ஏறின. தமிழில் நடமாடும் வீட்டைப் பற்றிய முதற்குறிப்புகள் இவையே எனலாம்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவ்வண்டியை உறுப்புறுப்பாகக் காட்டுகிறார். சக்கரத்தின் குடம், அச்சு, மேலே வேய்ந்த கூரை, கோழிக்கூடு, தொங்கும் உரல், கயிற்றால் பிணித்த காடிப் பானை என ஒன்றையும் அவர் விடவில்லை. எருதுகளைப் பின்னின்று ஓட்டுபவள் குழந்தையை உடைய ஒரு பெண். தோள்வலி மிக்க ஆடவர் வேப்பந்தழை மாலை சூடி வண்டிகளுக்குப் பக்கத்தே காவலாக நடந்து வருகின்றனர். பெண்ணாகிய என் கண்ணுக்கு இக்காட்சியில் முதலில் படுவது அவளுடைய இடமே. வீடு நகரும்போது வீட்டு வேலையும் உடன் நகர்கிறது. குழந்தையும் உடன் நகர்கிறது. அவற்றோடு வண்டியோட்டும் பணியும் அவள் கையில் வந்து சேர்கிறது. உருத்திரங்கண்ணனார் இதைப் பார்த்தார், பாட்டில் வைத்தார்.

சிறுபாணாற்றுப்படையிலோ, ஒழுகையோடு வந்த மந்தி ஒன்று, உமட்டியர் ஈன்ற புதல்வரோடு சேர்ந்து, முத்து அடங்கிய கிளிஞ்சிலைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. வண்டி நிற்கும் இடத்தில் வீடு தொடங்கிவிடுகிறது என்பதை இதனினும் எளிதாகச் சொல்ல இயலாது.

இனி வலுவைப் பற்றிக் காண்போம். புறநானூற்றின் 60ஆம் பாட்டில் உறையூர் மருத்துவன் தாமோதரனார் சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனைப் பாடுகிறார். கடற்கழியின் உப்பை முகந்து மலைநாடு நோக்கிச் செல்லும் வண்டி பள்ளத்தில் ஆழ்ந்துவிடுகிறது. அதனை ஈர்த்துக் கரையேற்றும் வலிய எருது போன்றவன் எம் அரசன் என்கிறார். யானையையோ புலியையோ அவர் உவமையாக்கவில்லை. சேற்றில் ஆழ்ந்த உப்பு வண்டியை இழுக்கும் எருதே அவருக்கு அரசனின் அளவுகோலாயிற்று.

102ஆம் பாட்டில் ஔவையார் இன்னும் நுட்பமாகச் செல்கிறார். பாடப்பெறுபவன் அதியமானின் மகன் பொகுட்டெழினி. எருதுகளோ இளையவை; நுகத்தின் பழக்கம் இன்னும் ஏறாதவை. வண்டியிலோ பண்டம் நிறைய ஏற்றப்பட்டிருக்கிறது. வழியில் பள்ளத்தில் இறங்க நேருமோ, மேட்டில் ஏற நேருமோ, யார் அறிவார்? ஆகவே உமணர் வண்டியின் அடிமரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். நீ அத்தகையவன் என்று அவனைப் புகழ்கிறார் ஔவையார். வலுக்குறைந்த இழுப்பு, மிகுந்த சுமை, அறியாத வழி ஆகிய மூன்றையும் அவர் ஒரே சிறு பாட்டுக்குள் அடக்கிவிட்டார். சேம அச்சு வண்டியின் மேலே தெரியும் பொருளன்று. குனிந்து பார்த்தவர்க்கே அது தெரியும். ஔவையார் குனிந்து பார்த்திருக்கிறார். மயிற்பீலியே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று 475ஆம் குறளில் கூறிய வள்ளுவரும் அவ்வாறு பார்த்தவரே.

தோல்வியையும் அவர்கள் மறைக்கவில்லை. புறநானூற்று 307ஆம் பாட்டில், முடம்பட்ட எருதொன்றை உமணர் நீரும் புல்லும் இன்றி, ஆளற்ற ஓரிடத்தில் கைவிட்டுச் செல்கின்றனர். நற்றிணை 138இல் அம்மூவனார் காட்டுவது கைவிடப்பட்ட வண்டியை. பழுதுற்று நெய்தல் நிலத்தில் கிடக்கும் அப்பழைய வண்டியில் வெண்குருகு வந்து முட்டையிடுகிறது. ஒரு வீடு நின்றுபோய் மற்றொன்றுக்கு வீடாயிற்று. இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒழுகையின் முழுக்கணக்கும் நமக்குக் கிடைத்துவிடுகிறது.

குதிரை போய் இயந்திரம் வந்தது

பிழைப்புக்காக வீட்டை ஏற்றிச் சென்றவர்கள் உமணர். இன்பத்திற்காக ஏற்றிச் செல்லும் வழக்கம் மேலைநாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் முன்னாள் கப்பற்படை மருத்துவர், சிறுவர்க்கான வீரக்கதைகள் எழுதியவர், 1885இல் 'வாண்டரர்' என்னும் வீட்டுவண்டியில் இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னெஸ் வரை சென்றார். இழுத்தவை இரண்டு குதிரைகள். குறுகிய சாலையில் இவ்வளவு பெரிய வண்டி வருகிறது என்று எச்சரிக்க, பணியாள் ஒருவர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்றார். ஓய்வுக்காகச் சென்ற ஒருவர்க்கு உழைத்தவர்கள் உடன் இருந்தனர் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

அதற்கு ஐந்து ஆண்டு முன்னரே, 1880இல், பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்ன் 'நீராவி வீடு' என்னும் பொருள்படும் புதினத்தை வெளியிட்டுவிட்டார். கதை நிகழும் களம் இந்தியா. எஃகால் செய்த நீராவி யானை ஒன்று, சக்கரம் பூட்டிய இரண்டு வீடுகளைக் கல்கத்தாவிலிருந்து வடக்கே இழுத்துச் செல்கிறது. வழியில் பிரெஞ்சுக் குடியேற்றமான சந்திரநாகூரும் வருகிறது. மெய்யான யானைகளோடு வலுப்போட்டி நடந்தாலும் எஃகு யானையே வெல்கிறது. மேடும் சேறும் அதற்கு ஒரு பொருட்டில்லை. கற்பனைக்கு வலுக்குறைவு கிடையாது அன்றோ? ஆயினும் கதையின் முடிவில் வேர்ன் அந்த யானையை வெடித்துச் சிதற விட்டுவிடுகிறார்.

மெய்யுலகில் வந்த மோட்டார் வீடுகளுக்கோ எஃகு யானை வாய்க்கவில்லை. தொடக்கக் கால மோட்டார் வீடு என்பது, காருக்கோ சிறு லாரிக்கோ செய்த அடிச்சட்டத்தின் மேல் தச்சர் கட்டிய மரவீடு. கட்டில், அலமாரி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் கனமானவை. கீழே இருந்த இயந்திரமோ வேறு கணக்கில் செய்யப்பட்டது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல்-டி காரின் இயந்திரம் 2.9 லிட்டர் கொள்ளளவு உடையது. தந்த வலு 20 குதிரைத்திறன். இன்று அதே அளவுள்ள இயந்திரம் அதனைப் போல் பன்மடங்கு வலு தரும். அன்று தராமற்போனதற்கு ஒரு காரணம் எரிபொருளில் இருந்தது. அக்காலப் பெட்ரோலின் தரம் தாழ்ந்தது. உருளைக்குள் காற்றையும் பெட்ரோலையும் மிகுதியாக அழுத்தினால் உரிய நேரத்திற்கு முன்னரே வெடித்து இயந்திரம் தட்டும். எனவே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக மட்டுமே அழுத்தினர். இன்று பத்தில் ஒரு பங்காக அழுத்துவது இயல்பு. அழுத்தம் குறைந்தால் வலுவும் குறையும்.

மாடல்-டி வண்டியில் மற்றொரு புதுமையும் இருந்தது. பெட்ரோல் தொட்டி இருக்கையின் அடியில் இருந்தது. அங்கிருந்து தன் எடையால் வழிந்தே இயந்திரத்திற்கு வந்தது. செங்குத்தான மேட்டில் முன்புறம் உயர்ந்துவிட்டால் பெட்ரோல் வழியாது, இயந்திரம் நின்றுவிடும். ஓட்டுநர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மேடேற்றினர். சிகரத்திற்கு முதுகு காட்டிக்கொண்டு சிகரத்தை அடைந்தவர்கள் அவர்கள். கவிஞர்கள் அமர்ந்திருக்கும் இந்த அவையில் இதற்கு மேல் நான் விளக்கம் கூறத் தேவையில்லை.

திரையிட்ட சன்னல்

இங்கே பிரெஞ்சுக் கவிஞர் ஒருவரை நினைவுகூர்தல் வேண்டும். ரேமோன் ரூசெல் (1877-1933) பெருஞ்செல்வர். புரியாத கவிதை எழுதுபவர் என்று தம் காலத்தில் எள்ளப்பட்டவர். பின்வந்த மீமெய்யியலாரால் போற்றப்பட்டவர். 1920களின் நடுவில் அவர் தமக்கென ஒரு மோட்டார் வீட்டைச் செய்வித்தார். நீளம் 9 மீட்டர். வரவேற்பறை, படுக்கையறை, படிப்பறை, குளியலறை ஆகியவற்றோடு, இரண்டு ஓட்டுநர்க்கும் ஒரு பணியாளர்க்கும் படுக்கை வசதியும் அதில் இருந்தது. 1926இல் அவ்வீட்டில் ரோமாபுரி வரை சென்றார். முசோலினியே அதைப் பார்வையிட்டார்.

இந்தியா உட்படப் பல நாடுகளைச் சுற்றியவர் ரூசெல். ஆனால் அப்பயணங்களிலிருந்து தம் நூல்களுக்கென எதையும் தாம் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவரே பின்னாளில் எழுதிவைத்தார். அவருக்குக் கற்பனையே அனைத்தும். அது அவருடைய கலைக்கொள்கை. அதன் வழியில் அவர் பெரிய படைப்பாளர் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் எனக்கு அந்த வீடு, ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு மூடிய அறையாகவே தோன்றுகிறது. ஓட்டுநர் இருவர் மேட்டையும் வளைவையும் அறிந்திருப்பர். கவிஞர்க்கு அவை தேவைப்படவில்லை. ஔவையாரையும் ரூசெலையும் இரு முனைகளாக வைத்துக்கொண்டு நாம் மேலே செல்வோம்.

நம் சாலைகளில்

வலுக்குறைந்த இயந்திரம் என்றால் என்ன என்பதை நம் மக்கள் வீட்டுவண்டியில் கற்கவில்லை. கரி பஸ்ஸில் கற்றனர். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபோது, தமிழகத்தின் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான வாயுக்கலங்களைச் செய்து விற்றது. கலத்தில் மரக்கரியை முழுதும் எரிய விடாமல் குறைக்காற்றில் கனலச் செய்தால் கார்பன் மோனாக்சைடு கிடைக்கும், அதுவே எரிபொருள். ஆனால் அவ்வாயுவில் ஏறத்தாழப் பாதி, எரியாத நைட்ரஜன். ஆகவே பெட்ரோலில் கிடைத்த வலுவில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைந்துபோயிற்று. புறப்படுமுன் கனலை மூட்டிக் காத்திருக்க வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அந்தத் தலைமுறைக்குப் பயணம் என்பது அமர்ந்து செல்லும் செயல் மட்டுமன்று. இறங்கித் தள்ளும் செயலும் ஆகும்.

போருக்குப் பின் மேலைநாட்டு இளைஞர்கள் தரைவழியாக இந்தியாவுக்கு வரத் தொடங்கினர். இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், கைபர் கணவாய், லாகூர், டில்லி என்பது அவர்கள் வழி. அவ்வழியில் பெயர்பெற்ற வண்டி ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் வேன். 1950இல் அது வந்தபோது இயந்திரத்தின் கொள்ளளவு 1131 கன சென்டிமீட்டர். வலு 25 குதிரைத்திறன். வெறும் வண்டியின் எடையே ஏறத்தாழ ஒரு டன். 1951 முதல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் அமைத்துத் தந்தது. 1983இல் நம் நாட்டில் வந்த மாருதி 800 சிறுகாரின் வலு அதனினும் மிகுதி என்று நினைத்துப் பார்த்தால், அந்த வீடு எவ்வாறு மலை கடந்தது என்று வியப்போம். பின்னர் இயந்திரத்தின் வலு கூட்டப்பட்டது. எனினும் மலைவழி எந்த இயந்திரத்திற்கும் கடினமே. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று மெலிந்து, இயந்திரத்தின் வலுவும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. வலு மிகவும் வேண்டிய இடத்தில்தான் வலு குறைகிறது. 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைவும் அவ்வழியை மூடிவிட்டன.

அவ்வழியின் ஒரு கிளை நம் ஊரிலும் வந்து முடிந்தது. 1968 பிப்ரவரி 28ஆம் நாள் ஆரோவில் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே பிரான்சிலிருந்து ஒரு வண்டிக்கூட்டம் தரைவழியாகவே இங்கு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் தங்குவதற்கென எழுந்த குடியிருப்பு இன்றும் 'ஆஸ்பிரேஷன்' என்ற பெயரோடு உள்ளது. வண்டி நின்ற இடத்தில் வீடு தொடங்குகிறது என்னும் உமணர் நெறி, ஓய்மானாட்டு மண்ணின் அருகிலேயே மீண்டும் ஒருமுறை நிகழ்ந்தது எனலாம்.

வடக்கே ஆந்திரத்தில் வேறொரு பயன் கண்டனர். 1982இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என்.டி.ராமராவ், 1940ஆம் ஆண்டுச் செவர்லே வேன் ஒன்றைச் செப்பனிட்டுச் 'சைதன்ய ரதம்' எனப் பெயரிட்டார். நாற்பது ஆண்டைக் கடந்த வண்டி அது. அதன் மேல் நின்று பேசினார், அதற்குள் உறங்கினார், சாலையோரத்திலேயே நீராடினார். 1983 சனவரித் தேர்தலில் வென்றார். விரைவு அவ்வண்டியின் நோக்கமன்று. ஊர்தோறும் நிற்க வேண்டியவர்க்கு மெல்லச் செல்லும் பழைய வண்டியே பொருத்தமாயிற்று. வலுக்குறையும் சில வேளை ஒருவர்க்குத் துணையாவதை இங்குக் காண்கிறோம்.

தள்ளியவர் யார்?

இவ்வளவும் கூறியபின் நம் தெருவுக்கு வருகிறேன். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரிக்கே உரியதாக ஒரு வண்டி இருந்தது. பிரெஞ்சில் 'பூஸ்-பூஸ்', நம்மவர் வாயில் 'புஷ் வண்டி'. அமர்ந்திருப்பவர் முன்னேயுள்ள கைப்பிடியால் திசையைத் திருப்புவார்; ஆள் பின்னின்று தள்ளுவார். பழைய அஞ்சலட்டைப் படங்களில் இதைக் காணலாம். இயந்திரம் இல்லை, எருது இல்லை. திசை ஒருவருடையது, வலு இன்னொருவருடையது. தள்ளுபவர்க்கு வழியின் முன்புறம் தெரியாது. அமர்ந்திருப்பவரின் முதுகுதான் தெரியும். பிரெஞ்சுச் சொல்லின் பொருளே 'தள்ளு, தள்ளு' என்பது. ஏவலே வண்டிக்குப் பெயராக அமைந்தது. தள்ளியவர்க்குப் பெயர் வைக்க யாரும் எண்ணவில்லை.

இந்த வண்டியை வைத்துப் பார்த்தால், நான் இதுவரை கூறியவை அனைத்தும் ஒரு வரிசையில் நிற்கின்றன. வண்டியின் வலு குறையும் இடத்தில் அக்குறையை ஓர் உடல் ஈடுசெய்கிறது. உமணர்க்கு இளைய எருது. குழந்தையோடு எருது ஓட்டிய பெண். ஸ்டேபிள்ஸுக்கு முன்னே மிதித்துச் சென்ற பணியாள். கரி பஸ்ஸுக்கு இறங்கித் தள்ளிய பயணிகள். புஷ் வண்டிக்குப் பின்னே நின்ற மனிதர். வீட்டோடு செல்வது விடுதலை என்று சொல்லப்படுகிறது. யாருடைய விடுதலை, யாருடைய தோளின் மேல் என்னும் வினா அதனுள் எப்போதும் இருக்கிறது.

கவிஞர் பெருமக்களே, இனி உங்களோடு சற்று உரிமையுடன் பேசுகிறேன். இப்பத்தாண்டுகளில் நம் வட்டத்தின் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கவிதைகளில் 'பயணம்' என்னும் சொல் எத்தனை முறை வந்திருக்கும் என எண்ணிப் பாருங்கள். வாழ்க்கை பயணம், காதல் பயணம், இறப்பும் பயணம். அப்பயணங்களில் வண்டி பழுதாவதில்லை, மேடு வருவதில்லை, சுமையின் எடை சொல்லப்படுவதில்லை, தள்ளுபவர் இல்லை. எஃகு யானை பூட்டிய கவிதைகள் அவை. எங்கும் தடையின்றிச் சென்றுவிடும். தடையின்றிச் செல்வதாலேயே படிப்பவர் உள்ளத்தில் எங்கும் நிற்பதில்லை.

கவிதைக்கு இயந்திர நூல் வேண்டும் என்று நான் கூறவில்லை. ஔவையார் தச்சரல்லர், தாமோதரனார் மாட்டு வணிகரல்லர். ஆயினும் எருதின் வயது, பண்டத்தின் நிறை, அடிமரத்தில் கட்டிய அச்சு ஆகியவற்றை அறிந்தே உவமை செய்தனர். அறிந்து செய்த உவமையாதலால் பொகுட்டெழினி இன்றும் நமக்கு நம்பத்தக்க மனிதனாக நிற்கிறான். எல்லாம் நலமாகச் செல்லும்போது கண்ணுக்குப் படாமல், முறியும் வேளையில் உதவுபவன் என்று ஒருவனைப் புகழ, வண்டியின் அடியைப் பார்த்த கண் வேண்டியிருந்தது.

இன்று மோட்டார் வீடுகள் நம் நாட்டிலும் செய்யப்படுகின்றன. அவற்றின் இயந்திரங்களுக்கு வலுக்குறை இல்லை. மலையும் அவற்றுக்கு எளிது. ஆனால் வலு மிகுந்த காலத்தில்தான் தள்ளுபவர் கண்ணுக்கு மறைகிறார். மரக்காணத்து உப்பளத்தில் வெயிலில் நிற்கும் பெண்களும் ஆண்களும் விளைத்த உப்பு, இன்று லாரியில் நம்மைக் கடந்து செல்கிறது. அந்த லாரியின் ஓட்டுநர் அதற்குள்ளேயே உறங்குகிறார். சாலையோரத்தில் சமைத்து உண்கிறார். உமணரின் ஒழுகை நின்றுவிடவில்லை. அதைப் பாடும் உருத்திரங்கண்ணனார்தாம் நமக்கு வேண்டும்.

அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்திலிருந்து வெளிவரும் கவிதைகளில், பயணத்தைப் பற்றியவை குறையினும் குறையட்டும். ஒரு வண்டியின் அடியில் குனிந்து பார்த்து எழுதிய கவிதை ஒன்றேனும் வருமாயின், அதுவே இவ்விழாவின் பயன் எனக் கொள்வேன்.